பூக்காத செம்பருத்தியைப் பிடுங்காதீர்!



சில ஆண்டுகளுக்கு முன் ஜொகூரில் நான் பணியாற்றிய பள்ளியொன்றில் நடந்தது இது. மறுநாள் அதிகாரிகள் வருகை. வகுப்பறையை ஒட்டி நின்ற நான்கு செம்பருத்திச் செடிகளை வேரோடு பிடுங்கிக் குப்பையில் எறிந்தார்கள். ஓராண்டாகப் பூக்கவில்லையாம்; அதுதான் குற்றம். அன்று மாலையே செடிக்கடையிலிருந்து பூத்துக் குலுங்கும் தொட்டிகள் வந்து இறங்கின. நான்கு மாதங்களில் அவையும் பூப்பதை நிறுத்திக்கொண்டன. மூன்றாம் ஆண்டு மாணவி ஒருத்தி என்னிடம் கேட்டாள்: "ஐயா, இதையும் பிடுங்கிடுவாங்களா?"

அக்கேள்விக்கு அன்று நான் விடை சொல்லவில்லை. இன்று சொல்கிறேன்: பூக்காதது செடியின் குற்றமன்று, வளர்ப்பவரின் குற்றம்.

முதலில் வெயில். செம்பருத்திக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 6 மணி நேரம் நேர் வெயில் வேண்டும். கூரை நிழலில் நிறுத்திவிட்டுப் பூவை எதிர்பார்ப்பது என்ன நியாயம்?

இரண்டாவது உரம். உரப்பையின்மேல் மூன்று எண்கள் அச்சாகியிருக்கும். அவை முறையே தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து ஆகியவற்றின் அளவைக் குறிப்பன. தழைச்சத்தை அள்ளிக் கொட்டினால் செடி இலையாய்த் தழைக்கும், பூக்காது. "பூவுக்கு மணிச்சத்து" என்று பலர் அதையே கொட்டுகிறார்கள். செம்பருத்திக்கு அது மிகுந்தால் கேடு. இரும்புச்சத்தை ஏற்க முடியாமல் இலை மஞ்சளிக்கும். சாம்பல்சத்து மிகுந்த, மணிச்சத்து குறைந்த உரத்தைச் சிறிது சிறிதாக இடுவதே முறை.

மூன்றாவது கவாத்து. நம்மவர் பெரிதும் அஞ்சுவது இதற்குத்தான். "வெட்டினால் செடி செத்துவிடாதா?" என்கிறார்கள். சாகாது. செம்பருத்தி புதுத் தளிர்க்கிளையில்தான் மொட்டு விடும். முற்றிய கிளைகளை அப்படியே விட்டு வைத்தால் பூ குறையும். நலமான செடியின் கிளைகளில் மூன்றில் ஒரு பங்கை, வெளிப்புறம் நோக்கிய கணுவுக்குச் சற்று மேலே, கூரிய கத்தரியால் வெட்டுங்கள். புதுக்கிளை வளர்ந்து 8 முதல் 12 வாரங்களில் பூக்கத் தொடங்கும். மொட்டு விரியாமலே உதிர்ந்தால் மாவுப்பூச்சி உள்ளதா, தொட்டியில் நீர் தேங்குகிறதா, மண் அடிக்கடி காய்ந்து போகிறதா என்று பாருங்கள்.

கடையில் வாங்கிய தொட்டி மட்டும் எப்படி அப்படிப் பூத்தது என்பீர்கள். விற்பனைக்கு வளர்க்கும் தொட்டிச் செடிகளுக்கு, குட்டையாக நின்று பூக்கும்படி வளர்ச்சியை அடக்கும் மருந்து கொடுப்பது உலகெங்கும் உள்ள வழக்கம். மருந்தின் வலு தீர்ந்தால் செடி தன் இயல்புக்குத் திரும்பி நீண்டு வளரும். அதை நாம் "ஏமாற்றிவிட்டது" என்கிறோம். ஏமாந்தது நம் அவசரமே.

"பாடம் நடத்தவே நேரமில்லை, இதற்கெல்லாம் நேரமேது?" என்று சில நண்பர்கள் கேட்கக்கூடும். கவாத்துக்கு அரைமணி நேரம் போதும். வாரந்தோறும் மொட்டை எண்ணி எழுதுவது கணிதம். இலையை நோக்குவது அறிவியல். கண்டதைச் சொல்வது தமிழ். இதைவிடச் சிறந்த பாடம் எந்தப் பயிற்றியில் இருக்கிறது?

செம்பருத்தி 1960இல் இந்நாட்டின் தேசிய மலராயிற்று. அதன் ஐந்து இதழ்களை, 1970இல் அறிவிக்கப்பட்ட ருக்குன் நெகாராவின் ஐந்து கோட்பாடுகளுக்கு அடையாளமாகச் சொல்லிக் கொடுக்கிறோம். ஆனால், ஆகஸ்டு மாதம் வந்தால் சுவரெங்கும் நெகிழிப் பூக்களை ஒட்டுகிறோம். உண்மைச் செடியோ மூலையில் மொட்டின்றி நிற்கிறது. மே நடுவில் கவாத்துச் செய்திருந்தால் விடுதலை நாளுக்கு அதுவே பூத்திருக்குமே!

பெற்றோர்களே, உங்கள் வீட்டு வாசலுக்கும் இதே சொல்தான். பிள்ளையின் கண்முன்னே செடியைப் பிடுங்கி எறியாதீர்கள். பயன் தராவிட்டால் எறிந்துவிடலாம் என்பதை அவன் செடியோடு நிறுத்திக்கொள்ள மாட்டான். மாறாக, கத்தரியை அவன் கையில் கொடுங்கள். உடன் நின்று வெட்டச் சொல்லுங்கள். மூன்று மாதம் காத்திருக்கட்டும். செம்பருத்திப் பூ பெரும்பாலும் ஒரே நாளில் வாடிவிடும். ஆனால், தன் கையால் அதைப் பூக்க வைத்த பிள்ளை அந்த நாளை மறக்க மாட்டான்.