பொட்டிபுரம் தரும் சிந்தனை

பேரண்டம் தோன்றியபோது பொருளும் எதிர்ப்பொருளும் சம அளவில் உண்டாகியிருக்க வேண்டும் என்கிறது அறிவியல். அந்தச் சமச்சீர் முறிந்ததால்தான் பொருள் மிஞ்சியது, நாமும் இருக்கிறோம். அது ஏன் முறிந்தது? விடை நியூட்ரினோ என்னும் நுண்துகளிடம் இருக்கலாம். நியூட்ரினோவை ஆராயவே தேனி மாவட்டம் பொட்டிபுரம் மலைக்குள் 50,000 டன் இரும்புக் கருவியை நிறுவ, 2015இல் நடுவண் அரசு ஒப்புதல் அளித்தது.

நியூட்ரினோவால் கேடு வரும் என்று அஞ்சத் தேவையில்லை. நொடிதோறும் அவை கோடானுகோடியாய் நம் உடலைத் தீங்கின்றிக் கடக்கின்றன. ஆனால் மலையைக் குடைந்தால் நீருக்கும் காட்டுக்கும் என்ன நேரும் என்ற கேள்வி நியாயமானது. புலிகளின் வழித்தடத்தைச் சுட்டிக்காட்டியே 2022இல் தமிழக அரசு உச்சநீதிமன்றத்தில் எதிர்ப்புத் தெரிவித்தது.

வீண் அச்சத்தை மெய்யான கவலையோடு கலந்தால் கவலையும் எடுபடாது போகும். அறிவியலுக்குச் செவிமடுப்போம், ஊர் மக்களுக்கும் செவிமடுப்போம்.