கேட்காமலே காட்டிய அடையாள அட்டை

பால் பாக்கெட் பை காலை பத்து மணி வரை கேட்டில் தொங்கினால் எங்கள் தெருவில் அது செய்தி. அதுவும் டாங்க் ஃபேக்டரியில் 34 வருடம் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர் வீட்டுக் கேட்டில் தொங்கினால் பெரிய செய்தி. அவர் வேலைக்குப் போன காலத்தில் அவருடைய சைக்கிள் தெருமுனை திரும்புவதைப் பார்த்துத்தான் என் அம்மா இட்லிப் பானையை அடுப்பில் ஏற்றுவாள். கடிகாரம் பார்க்கிற வழக்கம் எங்கள் வீட்டில் பிறகுதான் வந்தது.

நான் அந்தப் பையை எடுத்துக் கொடுக்கலாம் என்று போனபோது அவர் மனைவி வாசலிலேயே நின்றார். குரலைத் தாழ்த்திக்கொண்டு, "தம்பி, நேத்து மத்தியானத்துலேருந்து ரூம் கதவைச் சாத்திக்கிட்டு யார்கிட்டயோ இந்தில பேசிக்கிட்டே இருக்காரு. பாத்ரூம் போகணும்னாக்கூட போனைப் பார்த்துக் கேட்டுட்டுப் போறாரு" என்றார்.

ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். வீட்டில் நான்கு முழ வேட்டியைத் தவிர வேறெதிலும் அவரை நான் பார்த்ததில்லை. அன்றைக்கு இஸ்திரி போட்ட முழுக்கைச் சட்டை, பேன்ட், பெல்ட். செல்போனை அலமாரியில் ராமர் பட்டாபிஷேகப் படத்தின் மேல் சாய்த்துவைத்து, அதற்கு எதிரே நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தார். திரையில் போலீஸ் உடுப்பில் ஒருவன். அவனுக்குப் பின்னால் அசோகச் சக்கரம்.

கதையின் மீதி உங்களுக்குத் தெரிந்ததுதான். மும்பையில் ஒரு பார்சல் பிடிபட்டிருக்கிறது, உள்ளே போதைப்பொருள், மேலே இவருடைய ஆதார் எண். விசாரணை முடியும்வரை 'டிஜிட்டல் கைது'. வங்கியில் இருக்கும் பணத்தை 'அரசுக் கணக்கு'க்கு மாற்றினால் சரிபார்த்துத் திருப்பித் தருவார்கள். முந்தைய நாள் சாயங்காலமே நான்கு லட்சம் போயிருந்தது. அன்றைக்கு டெபாசிட்டை உடைத்து மிச்சத்தையும் அனுப்புவதாக ஏற்பாடு. போனை நான் பிடுங்கி அணைத்தபோது என்மேல்தான் அவருக்குக் கோபம். "நீ கேஸ்ல மாட்டிக்குவே தம்பி" என்றார். இணையக் குற்றப் புகார் எண்ணான 1930க்கு அழைத்துப் புகார் எண் வாங்கும்வரை அவர் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. அனுப்பியதில் ஒரு பகுதி வேறு கணக்கில் முடக்கப்பட்டிருப்பதாகப் பிறகு தெரிந்தது. மீதி பறந்துவிட்டது.

எங்கள் ஆவடிப் பக்கம் நாட்டுப் பாதுகாப்பு என்பது பாடப்புத்தகத்து விஷயம் இல்லை, பஸ் ஸ்டாப் பெயர். ரயிலில் வந்தால் 'பட்டாபிராம் மிலிட்டரி சைடிங்' என்று நிலையத்துக்கே பெயர். விஜயந்தா டாங்க் 1965இல் ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையிலிருந்துதான் வெளியே வந்தது. பிறகு அஜேயா, அர்ஜுன், பீஷ்மா. பக்கத்திலேயே டாங்குக்கு எஞ்சின் செய்கிற ஆலை, சிப்பாய்க்கு உடுப்பு தைக்கிற ஆலை, டாங்கை வடிவமைக்கிற ஆராய்ச்சி நிலையம், விமானப்படை நிலையம், மத்திய ரிசர்வ் போலீஸ் முகாம், சிறப்புக் காவல் படை. 2021 அக்டோபரில் பாதுகாப்பு ஆலைகளை ஏழு நிறுவனங்களாகப் பிரித்தபோது கவச வாகன நிறுவனத்தின் தலைமையகமும் ஆவடிக்கே வந்தது. 2022 ஜனவரி 1 முதல் ஊருக்கென்று தனி போலீஸ் கமிஷனரகமும் உண்டு. (ஆவடி என்ற பெயரே ஓர் ஆங்கிலத் தொடரின் முதலெழுத்துகள், 'இந்தியக் கவச வாகன, வெடிமருந்துக் கிடங்கு' என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி வருடம் தவறாமல் வரும். ராணுவம் வருவதற்கு முன்பே ஊரும் பேரும் இருந்தன.)

இத்தனை காவலுக்கு நடுவில் வாழ்ந்த மனிதர் எப்படி ஏமாந்தார் என்று தெருவில் எல்லோரும் கேட்டார்கள். நானும் கேட்டேன். ஒரு வாரம் கழித்து மொட்டைமாடியில் அவர் சொன்ன பதிலில்தான் இந்தப் பத்தி பிறந்தது.

"அவன் அபிஷியல் சீக்ரட்ஸ் ஆக்ட்னு சொன்னான் தம்பி. வீட்ல யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னான். 34 வருஷமா நான் என்ன வேலை பார்த்தேன்னே இவகிட்ட சொன்னதில்ல. அது எனக்குப் பழக்கமாச்சே."

சிறிது நேரம் கழித்து இன்னொன்றும் சொன்னார். "வீடியோவுல கோர்ட்டுன்னான். நேஷனல் செக்யூரிட்டி கேஸ், அதனால மூடுன ரூம்ல நடக்கும்னான். ராஜீவ் காந்தி கேஸும் நம்ம பூந்தமல்லில மூடுன ரூம்லதானே நடந்துச்சு?"

நான் பதில் சொல்லத் தெரியாமல் நின்றேன். அவர் சொன்னது உண்மை. 1991 மே 21 அன்று ஸ்ரீபெரும்புதூரில் நடந்த கொலைக்கான வழக்கு, தடா என்ற பயங்கரவாதத் தடுப்புச் சட்டத்தின் கீழ் பூந்தமல்லி தனி நீதிமன்றத்தில் பொதுமக்களுக்கு அனுமதியில்லாமல்தான் நடந்தது. நாங்கள் எல்லோரும் நாட்டின் பாதுகாப்பு என்றால் ரகசியம், கேள்வி கேட்காமை, சொன்னதைச் செய்வது என்று கற்றுக்கொண்டவர்கள். அவர் அதை மற்றவர்களைவிட ஒழுங்காகக் கற்றிருந்தார். மோசடிக்காரன் பிடித்தது அவருடைய பேராசையை அல்ல. ஆசை காட்டி ஏமாற்றும் சீட்டுக் கம்பெனிகளை எல்லாம் அவர் அலட்சியமாகத் தாண்டி வந்தவர். அவருடைய கட்டுப்பாட்டைப் பிடித்தான்.

ஆனால் அந்தப் பூந்தமல்லி வழக்கின் மறுபாதியை அவரும் மறந்திருந்தார், நானும் தேடித்தான் நினைவுபடுத்திக்கொண்டேன். 1998 ஜனவரி 28 அன்று 26 பேருக்கும் அந்த நீதிமன்றம் தூக்குத் தண்டனை விதித்தது. 1999 மே 11 அன்று உச்ச நீதிமன்றம் நான்கு பேருக்கு மட்டும் தூக்கை உறுதிசெய்து, மூன்று பேருக்கு ஆயுளாகக் குறைத்து, 19 பேரைக் கொலைக் குற்றச்சாட்டிலிருந்து விடுவித்தது. தடா குற்றங்களே நிரூபணமாகவில்லை என்றும் சொன்னது. முன்னாள் பிரதமரைக் கொன்ற வழக்கில்கூட வக்கீல் உண்டு, குறுக்கு விசாரணை உண்டு, மேல்முறையீடு உண்டு, எட்டு வருடம் உண்டு. கதவு மூடியிருந்தாலும் உள்ளே ஒரு நடைமுறை இருந்தது. செல்போன் நீதிமன்றம் தீர்ப்பு சொல்ல இருபது நிமிடம் எடுத்துக்கொண்டது.

நம் சட்டத்தில் டிஜிட்டல் கைது என்று ஒன்று கிடையாது. பிரதமரே 2024 அக்டோபர் 27 வானொலி உரையில் இதைச் சொன்னார். கைதானவரை 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும் என்று அரசியலமைப்பின் 22ஆவது பிரிவு சொல்கிறது. கைது செய்தால் உறவினருக்குத் தகவல் சொல்லியாக வேண்டும் என்று டி.கே.பாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996இலேயே உத்தரவிட்டது. 'யாரிடமும் சொல்லாதே' என்று ஒருவன் சொன்ன நொடியிலேயே அவன் போலீஸ் இல்லை என்று தெரிந்திருக்க வேண்டும். தெரியவில்லை. ஏனென்றால் இந்த விதிகள் கடைப்பிடிக்கப்பட்டதைவிட மீறப்பட்டதை நாம் அதிகம் பார்த்திருக்கிறோம். நிஜப் போலீசாரே வாட்ஸ்அப்பில் சம்மன் அனுப்பிப் பழகியிருந்தார்கள். விசாரணைக்கு ஆஜராகச் சொல்லும் நோட்டீஸை அப்படி அனுப்பக் கூடாது என்று 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் எடுத்துச் சொல்ல வேண்டியிருந்தது. கள்ள நோட்டு அடிக்கிறவனுக்கு முதலில் நல்ல நோட்டு ஒன்று வேண்டுமே.

ஏமாந்தவர்களில் எளியவர்கள் மட்டும் இல்லை. 2024இல் லூதியானாவின் வர்த்மான் குழுமத் தலைவரிடம் போலித் தலைமை நீதிபதியை வைத்து 'உச்ச நீதிமன்ற விசாரணை' நடத்தி ஏழு கோடி ரூபாய் பறித்தார்கள். இணையக் குற்றங்களில் இந்தியர்கள் இழந்தது 2023இல் 7,465 கோடி. 2024இல் 22,845 கோடி. இது நாடாளுமன்றத்தில் மத்திய உள்துறை சொன்ன கணக்கு. ஆவடியில் முகாம் வைத்திருக்கும் மத்திய ரிசர்வ் போலீசுக்கு நாடு முழுவதற்கும் சேர்த்து 2025-26 பட்ஜெட்டில் ஒதுக்கியது சுமார் 35 ஆயிரம் கோடி. அந்தத் தொகையில் பாதிக்கு மேல், ஒரே வருடத்தில், ஒரு துப்பாக்கிகூட இல்லாமல் போயிருக்கிறது.

அரசு சும்மா இருந்தது என்று சொல்ல மாட்டேன். வெளிநாட்டிலிருந்து உள்ளூர் எண் போல வேஷம் போட்டு வரும் அழைப்புகளைத் தடுக்க 2024 அக்டோபரில் ஒரு வடிகட்டி வைத்தார்கள். முதல் 24 மணி நேரத்திலேயே 1.35 கோடி அழைப்புகளை நிறுத்தியதாக அறிவித்தார்கள். எச்சரிக்கை காலர் டியூன் வைத்தார்கள். ஆஸ்பத்திரிக்கு அவசரமாக அழைக்கும்போதெல்லாம் அதைக் கேட்டுப் பல்லைக் கடித்தவர்களில் நானும் ஒருவன். 2025 டிசம்பர் 1 அன்று உச்ச நீதிமன்றம் இந்த வழக்குகளை முன்னுரிமை கொடுத்து விசாரிக்கும்படி சி.பி.ஐ.யிடம் ஒப்படைத்தது. டிஜிட்டல் கைதில் மட்டும் சுமார் 3,000 கோடி போயிருக்கிறது என்று அதற்கு முந்தைய மாதமே அங்கே பேசப்பட்டிருந்தது. எல்லாம் சரிதான். ஆனால் பணம் ஒரு கணக்கிலிருந்து பத்துக் கணக்குக்கும், அங்கிருந்து கிரிப்டோவுக்கும் போகச் சில நிமிடங்கள் போதும். முதல் கணக்கு திறக்கும் இடத்தில், அதாவது வங்கிக் கிளையில், பிடிக்காவிட்டால் பிறகு எந்த ஏஜென்சி வந்தும் வால்தான் மிஞ்சும்.

அந்த முதல் கணக்குகள் வாடகைக் கணக்குகள். ஐந்தாயிரம், பத்தாயிரத்துக்குத் தன் பாஸ்புக்கையும் சிம் கார்டையும் யாரோ ஒருவன் கொடுத்துவிடுகிறான். அவன் வேற்று நாட்டான் இல்லை, மாதக் கடைசியில் கை வறண்ட பையன். அழைக்கிற குரல்களிலும் நம் பிள்ளைகள் உண்டு. தாய்லாந்தில் டேட்டா என்ட்ரி வேலை என்று அழைத்துப்போய் மியான்மர் எல்லை ஊரான மியாவடியில் அடைத்து, மோசடி அழைப்பு செய்யச் சொல்லி அடிபட்ட 13 தமிழர்கள் 2022 அக்டோபரில் சென்னை திரும்பினார்கள். மியாவடியின் வேலிக்குள் இருப்பவனும் பட்டாபிராமின் பூட்டிய அறைக்குள் இருப்பவரும் ஒரே ஆளுக்குத்தான் கைதி. இந்தி தெரியாததால் இதுவரை தப்பித்தேன் என்று பெருமைப்படும் நண்பர்கள் எனக்கு உண்டு. குரல்களில் நம் பிள்ளைகளே இருக்கும்போது அந்தக் காப்பீடு காலாவதியாகிவிட்டது.

2025 மே 7 அன்று நாடு முழுவதும் போர்க்கால ஒத்திகை நடந்தது. தமிழ்நாட்டில் கல்பாக்கத்திலும் சென்னைத் துறைமுகத்திலும். டாங்க் செய்கிற ஊரில் சைரன் ஊதுவார்கள் என்று எங்கள் தெருப் பையன்கள் மாடியில் காத்திருந்து ஏமாந்தார்கள். அவர்களுக்கு அன்றைக்கு ஃபேக்டரி தீ ஒத்திகைகளைப் பற்றி விளக்கிக்கொண்டிருந்தவர் இந்தப் பெரியவர்தான். மணி அடித்தால் எந்தக் கதவு, எந்த வரிசை, யார் தலை எண்ணுவது, எல்லாம் அவருக்கு இன்னும் மனப்பாடம். இந்த அழைப்புக்கு மட்டும் ஒத்திகை இருந்ததில்லை.

அவருக்கு வருத்தம் நான்கு லட்சத்தில் இல்லை. "தினமும் கேட்ல ஐடி கார்டு காட்டாம நான் உள்ள போனதில்ல. மறந்துட்டு வந்தா திருப்பி அனுப்பிடுவான். இவன்கிட்ட மட்டும் ஐடி கார்டு கேக்கணும்னு தோணவே இல்ல பாரு." சற்று யோசித்து அவரே திருத்திக்கொண்டார்: "கேக்க விடலியே. கேக்காமலே காட்டிட்டான்."

போன வாரம் புகார் விஷயமாக ஸ்டேஷனிலிருந்து ஓர் இளம் காவலர் வந்தார். பெரியவர் கேட்டைத் திறக்கவில்லை. கம்பி வழியாக அடையாள அட்டையை வாங்கி, மூக்குக்கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு, இரண்டு பக்கமும் படித்தார். பிறகு "ஒரு நிமிஷம் இருங்க சார்" என்று சொல்லிவிட்டு, ஸ்டேஷன் எண்ணைக் காலண்டரில் எழுதி வைத்திருந்த இடத்தைப் பார்க்க உள்ளே போனார். காவலர் கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். அப்புறம் பைக்கைத் தள்ளிக்கொண்டுபோய் எங்கள் வீட்டு வேப்பமர நிழலில் நிறுத்தி, ஹெல்மெட்டைக் கழற்றி டேங்க் மேல் வைத்தார்.