பாலுக்குமா ஜாதி?

பெற்ற தாயின் பால் போதாத குழந்தைக்கு வேறொரு தாயின் பாலைக் கொடுப்பதா, அல்லது டின்னில் வரும் மாவுப் பாலைக் கரைத்துக் கொடுப்பதா என்கின்ற விஷயத்தில், பெற்றவளைத் தவிர மற்ற எல்லோருக்கும் அபிப்பிராயம் சொல்ல உரிமையிருப்பதாக நம் நாட்டில் கருதப்பட்டு வருகின்றது. மாமியார் சொல்லுவார், பக்கத்து வீட்டார் சொல்லுவார், ஜோசியரும் சொல்லுவார். பெற்றவள் மாத்திரம் வாய்மூடிப் படுத்துக் கிடக்க வேண்டுமாம்!

சமீபத்தில் நமக்குத் தெரிந்த ஒரு வீட்டில் ஏழாம் மாதத்திலேயே குழந்தை பிறந்துவிட்டது. தாய்க்குப் பால் ஊறத் தாமதமாயிற்று. ஆஸ்பத்திரிப் பால் வங்கியில் தானமாக வந்த பாலைக் கொடுக்கலாம் என்றார் டாக்டர். உடனே பாட்டியம்மாள் கேட்ட கேள்வி, "அது எந்த ஜாதிக்காரியின் பால்?" என்பதுதான். அது வேண்டாம், மாவுப் பாலே போதும் என்றும் பிடிவாதம் செய்தார். அந்த மாவுப் பால் பெரும்பாலும் மாட்டுப் பாலிலிருந்து செய்யப்படுவதாகும். மாட்டின் பாலைக் குடித்துப் போகாத ஜாதி, மனுஷியின் பாலைக் குடித்தால் போய்விடுமோ?

இவர்கள் நம்புகின்ற புராணப்படியே பார்ப்போம். முருகனுக்குப் பாலூட்டியவர்கள் கார்த்திகைப் பெண்கள் ஆறு பேர். கிருஷ்ணனை வளர்த்தவள் ஆயர்பாடி யசோதை. சீர்காழிக் குளக்கரையில் அழுத சம்பந்தருக்குப் பார்வதியே பால் கொடுத்தாளாம். சாமிகளுக்கும் நாயன்மாருக்கும் ஆகின்ற இரவல் பால், ஒன்றேகால் கிலோ எடையுள்ள சிசுவுக்கு மாத்திரம் ஆகாதோ?

நிற்க, அந்தத் தாயை நாம் கேட்டோம். "என் பால் ஊறுகிறவரைக்கும்தானே ஐயா, கொடுக்கட்டும். ஆனால் அதில் வியாதி ஏதும் இருக்காதா?" என்றார். இதுவல்லவோ அறிவுள்ள கேள்வி! பால் கொடுப்பவரின் இரத்தத்தில் எய்ட்ஸ் கிருமி, மஞ்சள்காமாலைக் கிருமி, மேகநோய் ஆகியவை இருக்கின்றனவா என்று சோதிக்கிறார்கள். பாலை 62.5 டிகிரி சூட்டில் 30 நிமிஷம் வைத்து, பிறகு உறையவைத்துக் காக்கிறார்கள். பம்பாய் சயான் ஆஸ்பத்திரியில் 1989-லேயே இந்த ஏற்பாடு துவங்கிவிட்டது. குறைமாதக் குழந்தைகளுக்கு வரும் கொடிய குடல் அழுகல் நோய், மாவுப் பாலைவிடத் தானப் பாலில் குறைவு என்பதும் கண்டறியப்பட்டது. சூடாக்குவதால் பாலின் சில நோய்த்தடுப்புச் சத்துக்கள் குறைவது உண்மையே. ஆகையால்தான் தாய் தன் பாலையும் விடாமல் பீய்ச்சிக் கொடுத்துவர வேண்டுமென்கிறார்கள்.

தானப் பால் கிடைக்காத ஊரில் டாக்டர் சொற்படி மாவுப் பால் கொடுக்கும் தாயைப் பாவி என்று தூற்றுவதும் அயோக்கியத்தனமேயாகும். பிரசவத்தில் இரத்தம் அதிகம் போனாலும் பால் தாமதப்படும். இதில் பூர்வஜென்ம வினைக்கு என்ன வேலை? ஆனால் டின்காரன் பேச்சை நம்பச் சொல்லவில்லை. அவன் விளம்பரத்தைத் தடுக்க 1992-இல் சட்டமே செய்ய வேண்டியதாயிற்று. காசை மிச்சப்படுத்தத் தண்ணீர் அதிகம் விட்டுக் கரைத்தால் குழந்தை இளைத்துப் போகும். "சேனை" வைக்கிறோமென்று பிறந்த குழந்தையின் நாவில் தேனைத் தடவுகிறார்களே, ஒரு வயதுக்குள் தேனே கூடாதென்பதை எத்தனை பாட்டிமார் அறிவார்கள்?

இவற்றையெல்லாம் பிரசவமான இரவில், மயக்கம் தெளியாத பெண்ணிடம் காகிதத்தை நீட்டிக் கேட்பதைவிட, கர்ப்பிணியாய்ப் பரிசோதனைக்கு வரும்போதே விளங்கச் சொல்லி, அவர் சம்மதத்தை அவர் வாயாலேயே கேட்டு எழுதிக்கொள்வதில் ஆஸ்பத்திரிக்காரர்களுக்கு என்ன கஷ்டம்?