கங்காணி ஏற்றிய கப்பலும் கல்வி ஏற்றும் விமானமும்



2024ஆம் ஆண்டு சூன் திங்களில் தமிழ்நாட்டு மாணவர் 25 பேர் விமானம் ஏறி இங்கிலாந்து சென்றனர். சென்ற இடம் டர்ஹாம் பல்கலைக் கழகம். சென்ற நோக்கம் தொழில்நுட்பப் பயிற்சி. தங்கிய காலம் ஒரு வாரம். செலவு அரசினுடையது. 2022 மார்ச்சு முதல் நாள் தொடங்கப்பட்ட ‘நான் முதல்வன்’ திட்டத்தின் ஒரு கிளையாக, ‘ஸ்கவுட்’ என்ற பெயரில் நடந்த ஏற்பாடு அது.

“ஆகா!” என்றனர் சிலர். “வரிப் பணத்தில் வெளிநாட்டு உலாவா?” என்று முகம் சுளித்தனர் வேறு சிலர். “திறமையுள்ளவன் தானே போய்க்கொள்வான், சர்க்கார் எதற்குத் தூக்கிச் சுமக்க வேண்டும்?” என்று கேட்கும் மேதைகளும் உண்டு.

மேதைகள் கேட்கட்டும். நாம் நீலமலைச் சரிவிலே நின்றுகொண்டு வேறு இரு கேள்விகள் கேட்போம். போவது யார்? திரும்பும்போது இந்த மலைக்கு வருவது என்ன? இவ்விரண்டுக்கும் விடை சொல்லும் திட்டமே திட்டம். மற்றவை ஏட்டுச் சுரைக்காய்!

கடல் கடந்த பயணம் நீலகிரிக்குப் புதிதா, தோழர்களே? இந்த மலையின் வரலாறே அத்தகைய பயணங்களின் வரலாறுதான். மூன்று பயணங்களை மட்டும் எடுத்துச் சொல்கிறேன்.

முதற் பயணம் வெள்ளையன் செய்தது. காய்ச்சலுக்கு மருந்தான கொய்னா தரும் சின்கோனா மரத்தின் தாயகம் தென் அமெரிக்க மலைகள். வெள்ளைச் சர்க்கார் என்ன செய்தது? “திறமையுள்ளவன் தானே போகட்டும்” என்று கைகட்டி நின்றதா? 1860இல் கிளமென்ட்ஸ் மார்க்கம் என்பவரைத் தன் செலவிலேயே பெரு நாட்டுக்கு அனுப்பிற்று. அதே முயற்சியில் ரிச்சர்டு ஸ்புரூசு என்பவர் ஈக்வடார் காடுகளில் விதை திரட்டினார். விதை வந்து சேர்ந்த இடம் நம் உதகை. அரசுத் தோட்டத்தின் மெக்கைவர் நாற்று வளர்த்தார். தொட்டபெட்டாவிலும் நடுவட்டத்திலும் சின்கோனாத் தோட்டங்கள் எழுந்தன. நடுவட்டத்தில் கொய்னாத் தொழிற்சாலையும் எழுந்தது.

அந்தப் பேரரசு செய்த கொடுமைகளை நாம் மறப்பவர்கள் அல்லர். ஆயினும் ஒன்றைக் கவனியுங்கள். போனவன் படம் எடுத்துக்கொண்டு திரும்பவில்லை. விதை எடுத்துக்கொண்டு திரும்பினான். வந்த விதையை நட நிலமும், வளர்க்க ஆளும், காய்ச்சி எடுக்க ஆலையும் இங்கே காத்திருந்தன. ஆதிக்கக்காரனுக்குத் தெரிந்த இந்தக் கணக்கு, மக்களாட்சிக்குத் தெரிய வேண்டாமா?

இரண்டாம் பயணம் நம்மவர் செய்தது. சொல்லவே நெஞ்சு கனக்கிறது. திருச்சிச் சீமையிலிருந்தும் மதுரைச் சீமையிலிருந்தும் புதுக்கோட்டையிலிருந்தும் பஞ்சம் துரத்த, சாதி துரத்த, நம் பாட்டன்மார் இலங்கைத் தோட்டங்களுக்குக் கடல் கடந்தனர். அந்தப் பயணத்துக்கும் செலவு கொடுத்தவன் ஒருவன் இருந்தான். அவன் பெயர் கங்காணி! வழிச் செலவு கொடுத்தான், அரிசி கொடுத்தான், கம்பளி கொடுத்தான். கொடுத்த ஒவ்வொன்றையும் பற்று எழுதினான். அந்தக் கடனைக் குறித்த சீட்டுக்குத் ‘துண்டு’ என்று பெயர். துண்டு தீராமல் தொழிலாளி ஒரு தோட்டம் விட்டு மறு தோட்டம் போக முடியாது. உதவித்தொகை என்று எண்ணி ஏறினான். அடிமை முறி என்று பின்னால் அறிந்தான்.

காட்டை அழித்துத் தோட்டமாக்கிய அந்த மக்களை 1948இல் இலங்கைச் சட்டம் நாடற்றவர் ஆக்கிற்று. 1964இல் சாஸ்திரியும் சிறிமாவோவும் உடன்படிக்கை செய்தனர். 5,25,000 பேரை இந்தியா ஏற்க வேண்டும், 3,00,000 பேரை இலங்கை ஏற்க வேண்டும் என்று ஆளை எண்ணிப் பங்கு பிரித்தனர். தலைமன்னாரில் கப்பல் ஏறி இராமேசுவரத்தில் இறங்கினர் நம் மக்கள். அவர்களுக்கு வாழ்வு தர 1968இல் நீலகிரியில் அரசுத் தேயிலைத் தோட்டப் பணி தொடங்கிற்று. அதுதான் ‘டான்டீ’. கூடலூர், கோத்தகிரி, சேரம்பாடிப் பகுதிகளில் இன்று கொழுந்து கிள்ளும் குடும்பங்களில் எத்தனையோ குடும்பங்கள் அந்தக் கப்பலில் வந்த குடும்பங்கள்.

கடனோடு போனார்கள், வெறுங்கையோடு வந்தார்கள். உழைப்பு அங்கே தங்கிவிட்டது. இலாபம் இலண்டன் போய்விட்டது! “மலைத் தொழிலாளி பிள்ளைக்கு வெளிநாடு ஏன்?” என்று கேட்பவர்கள் இதை அறிந்து பேசட்டும். அவன் குடும்பம் ஏற்கனவே வெளிநாடு பார்த்த குடும்பம். இன்னொரு முறை போக வேண்டும். இம்முறை கடன் சீட்டோடு அன்று, கல்விச் சீட்டோடு!

மூன்றாம் பயணத்தின் அடையாளம் உதகைக்கு அருகே முத்தோரையில் நிற்கிறது. ரேடியோ தொலைநோக்கி என்று அதைச் சொல்கிறோம். 530 மீட்டர் நீளம். 30 மீட்டர் அகலம். விண்ணிலிருந்து வரும் வானொலி அலைகளைப் பிடித்து ஆராயும் கருவி. அது ஏன் இந்த மலைக்கு வந்தது? நம் மலையின் அட்சரேகை ஏறத்தாழ 11 பாகை. அதே அளவு சாய்ந்த, வடக்குத் தெற்காக ஓடும் மலைச்சரிவு ஒன்றைத் தேடிப் பிடித்தார்கள். அந்தச் சரிவில் கருவியைப் படுக்க வைத்தால் அதன் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாகிவிடும். பிறகு ஒரே திசையில் மெல்லத் திருப்பினாலே போதும். ஒரு விண்மீனை மணிக்கணக்கில் பின்தொடரலாம். நாம் தேயிலை பார்த்த சரிவிலே விஞ்ஞானி வானத்தைப் பார்த்தான்!

அந்த விஞ்ஞானி கோவிந்த் சுவரூப். 1953இல் கொழும்புத் திட்ட உதவித்தொகை பெற்று ஆஸ்திரேலியா சென்றார். கல்லூரிப் பட்டம் வாங்க அவர் போகவில்லை; ஆய்வுக்கூடத்தில் அமர்ந்து கைவேலை பழகப் போனார். 1955இல் திரும்பினார். அங்கே பயன்பட்ட 32 அலைவாங்கித் தட்டுகளை இந்தியாவுக்கு இலவசமாகவே தர ஆஸ்திரேலியர் இசைந்தனர். நடந்தது என்ன? கப்பல் கூலியை யார் கொடுப்பது என்ற இழுபறியில் தட்டுகள் அங்கேயே கிடந்தன! இங்கே கருவி இல்லை, வேலை இல்லை. 1956இல் இளைஞர் அமெரிக்கா புறப்பட்டுவிட்டார்.

அனுப்பி வைக்கத் தெரிந்த நாட்டுக்கு வரவேற்று வைக்கத் தெரியவில்லை. 1961இல் அவரும் நண்பர்கள் மூவரும் “நாடு திரும்பத் தயார்” என்று எழுதினர். பம்பாயில் டாட்டா ஆராய்ச்சிக் கழகத்தை நடத்திய ஓமி பாபா இடம் தர முன்வந்தார். 1963இல் சுவரூப் திரும்பினார். தாமதப்பட்ட தட்டுகள் 1965இல் பம்பாயை அடுத்த கல்யாணில் நிறுவப்பட்டன. 1970இல் உதகைத் தொலைநோக்கி எழுந்தது. அதே மனிதர், அதே அறிவு. இடம் இல்லாதபோது கடல் கடந்து போனார். இடம் கிடைத்தபோது மலை ஏறி வந்தார்!

உதகையிலேயே மறுபக்கப் பாடமும் உண்டு. 1960இல் நிறுவப்பட்ட இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ், பிரெஞ்சு நிறுவனத்தின் கூட்டோடு 1967இல் படச்சுருள் உற்பத்தியைத் தொடங்கிற்று. எக்ஸ்ரே படம் முதல் சினிமாப் படம் வரை தந்தது. டிஜிட்டல் முறை வந்தது. படச்சுருள் உலகமே சரிந்தது. 2014இல் ஆலையை மூட மத்திய அரசு முடிவு செய்தது. அமெரிக்கக் கோடக் நிறுவனமே 2012இல் திவால் மனுக் கொடுத்தது. இத்தனைக்கும் 1975இல் டிஜிட்டல் காமிராவை முதலில் செய்து பார்த்ததே அதன் பொறியாளர்தான்! இயந்திரத்தை ஒரு முறை வாங்கினால் போதாது. அறிவை ஆண்டுதோறும் வாங்க வேண்டும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

இனி இன்றைய திட்டத்துக்கு வருவோம். ‘இன்டர்ன்ஷிப்’ என்று சொல்கிறார்களே, அதன் பொருள் எளிது. படிக்கும் காலத்திலேயே தொழிற்கூடத்தில் அமர்ந்து வேலை பழகுவது. பட்டறைத் தோழருக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை; உளி பிடிக்கப் பழகியவர் அவர். புதுத் தொழில் தொடங்கக் கற்பதும் அப்படித்தான். தொடங்கியவன் அருகில் இருந்து, அவன் கடன் வாங்குவதையும், சரக்கு விற்காமல் தவிப்பதையும், மீண்டும் எழுவதையும் பார்த்துத்தான் அதைக் கற்க முடியும்.

சிங்கப்பூரைப் பாருங்கள். நம் தாய்மொழி ஆட்சிமொழிகளுள் ஒன்றாக வீற்றிருக்கும் நாடு. அதன் தேசியப் பல்கலைக் கழகம் இருபது ஆண்டுகளுக்கு மேலாகத் தன் மாணவரை அமெரிக்கா முதலிய நாடுகளின் புதுத் தொழில் நிறுவனங்களுக்கு அனுப்புகிறது. ஓராண்டு வரை அங்கே வேலை, உடன் படிப்பு. அப்படிப் போய் வந்த மூன்று இளைஞர்கள் 2012இல் சொந்த ஊரில் தொடங்கியதுதான், பழைய பொருள்களை வாங்கி விற்க உதவும் ‘கரோசல்’ நிறுவனம்.

அங்கே ஓராண்டு, இங்கே ஒரு வாரம். ஒரு வாரத்தில் கண் திறக்கும், கை பழகாது. நம்மவர் போட்ட திட்டம் என்பதற்காக இதைச் சொல்லத் தயங்க வேண்டுமா? தொடக்கம் நன்று, தொடக்கத்தோடு நின்றுவிடக் கூடாது.

போவது யார் என்ற கேள்விக்கு வருகிறேன். 2021இல் வந்த சட்டம், தொழிற்கல்லூரிகளில் அரசுப் பள்ளி மாணவருக்கு 7.5 விழுக்காடு இடம் ஒதுக்கிற்று. கல்லூரி வாசல் திறந்தது. விமான நிலைய வாசல்? அங்கே நிற்கும் காவற்காரன் பெயர் ஆங்கிலம். அடுத்தவன் பெயர் மடிக்கணினி. அதற்கும் அடுத்தவன் பெயர் பாஸ்போர்ட். இவற்றுக்கெல்லாம் மேலே தோட்டத் தொழிலாளி வீட்டில் இன்னொரு தடை உண்டு. வேலை உள்ளவரைதான் லைன் வீடு. தாய் ஓய்வு பெற்றால் மகளோ மகனோ கூடை தூக்க வேண்டும். இன்றேல் வீட்டை விட்டு இறங்க வேண்டும். ஆறு மாதம் மகள் அயல்நாட்டில் தொழில் பழகப் போனால், அந்த ஆறு மாதக் கூலிக்கு யார் பொறுப்பு? “திறமைக்கே இடம்” என்று முழங்கும் மேதைகள் இந்த வீட்டுக் கணக்கைப் போட்டுக் காட்டட்டுமே!

தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் என்று ஆறு தொல்குடிகள் வாழும் மலை இது. எட்டாத வகுப்பறையை நோக்கி நாள்தோறும் நடக்கும் பிள்ளைகளின் மலை. இவர்களை ஒதுக்கிவிட்டு நகரத்துப் பிள்ளைகளை மட்டும் அனுப்பினால், அரசு செலவில் அந்தஸ்து வளரும்; அறிவு பரவாது.

ஆகவே நாம் கேட்பவை இவை. பயிற்சிக் காலம் வாரக் கணக்கிலிருந்து மாதக் கணக்குக்கு உயரட்டும். மலை மாவட்டத்துக்கும், குடும்பத்தின் முதல் பட்டதாரிக்கும், பெண்ணுக்கும், பழங்குடிக்கும் இடம் உறுதியாகட்டும். தேர்வுக்கு முன்பே உதகையிலும் கூடலூரிலும் அரசுக் கல்லூரிகளில் ஆங்கிலமும் கணினியும் பழக்கப்படட்டும். பயணச் செலவோடு, இழக்கும் வருமானத்துக்கும் ஈடு கிடைக்கட்டும். போய் வந்தவர் கற்றதைத் தமிழில் எழுதி, அடுத்த அணிக்குக் கற்றுக் கொடுக்கட்டும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, திரும்பி வருபவருக்கு இங்கே இடம் இருக்கட்டும். தாழ்த்தப்பட்டோரும் பழங்குடியினரும் தொடங்கும் புதுத் தொழில்களில் அரசே முதலீடு செய்ய 2022-23இல் 30 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது. அத்தகைய பணம் இந்த மலை ஏறி வர வேண்டும். செய்ய வேலையா இல்லை? பச்சைக் கொழுந்துக்கு விலை கிடைக்காமல் சிறு விவசாயி தவிக்கிறான். குன்னூர் ஏலத்தில் ஒரு விலை, அவன் கையில் ஒரு விலை. 2009 நவம்பரில் இந்த மாவட்டத்தில் மண் சரிந்து நாற்பதுக்கு மேற்பட்ட உயிர்கள் போயின. சரிவை முன்கூட்டிச் சொல்லும் கருவி ஊர்தோறும் வேண்டும். வால்பாறையில் யானை வருவதைச் சிவப்பு விளக்காலும் செல்பேசிச் செய்தியாலும் தொழிலாளிக்கு அறிவித்து உயிர் காக்கிறார்கள். அதைப் போன்ற எத்தனையோ கருவிகள் நம் மலையின் தேவையிலிருந்து பிறக்க வேண்டும். கொழுந்து கிள்ளிய கை பெற்ற பிள்ளைக்குத் தெரியாத தேயிலைச் சிக்கலா டர்ஹாமுக்குத் தெரியும்? சிக்கல் இங்கே இருக்கிறது. கருவி அங்கே இருக்கிறது. இரண்டையும் இணைக்கும் பாலம் அந்தப் பிள்ளைதான்!

கிளைத் தோழர்களுக்கு ஒரு வேலை. உங்கள் பகுதியில் கல்லூரி செல்லும் தொழிலாளி வீட்டுப் பிள்ளைகள் எத்தனை பேர் என்று கணக்கெடுங்கள். இத்தகைய திட்டங்களின் அறிவிப்பு வரும் நாளில் அவர்கள் வீட்டுக் கதவைத் தட்டுங்கள். விண்ணப்பம் நிரப்ப உடன் உட்காருங்கள். பாஸ்போர்ட் அலுவலகத்துக்கு உடன் செல்லுங்கள். கொடி கட்டத் தெரிந்த கைக்கு விண்ணப்பம் நிரப்பவும் தெரிய வேண்டும்.

பாட்டன் போனபோது கங்காணி பற்று எழுதினான். பேத்தி போகும்போது நாடு வரவு எழுதட்டும்! அவள் திரும்பி வரும் நாளில், அவளுக்கென்று ஒரு பட்டறையும் ஒரு மேசையும் இந்த மலையில் காத்திருக்கட்டும்!