பண்ணைத் துண்டாடற்க

திருமுறைகளைப் பண்ணோடு ஓதப் பயிற்றும் வகுப்புக்கள் இக்காலத்துப் பெருகுதல் சைவ நன்மக்களுக்கு உவகை தருவதே. ஆயினும், அவற்றுட் சிலவற்றின் பயிற்றுமுறை கண்டு வாளாவிருத்தல் இயலாதாயிற்று. புதுவையில் யாம் கண்ட ஒரு வகுப்பில், ஆசிரியர் ஆர்மோனியக் கட்டைகளை ஒவ்வொன்றாக அழுத்த, சிறார் ஒவ்வொரு சுரமாக நிறுத்தி, அதன்மேற் பதிகத்தின் எழுத்தை ஏற்றிக் கூவினர். சீர் சிதைந்தது, சொல் துண்டுபட்டது, பண்ணோ காணப்பட்டிலது. வினவியபொழுது, "சுரம் நிலைத்தபின் குழைவு தானே வரும்" என்றார். அது பொருந்தாது.

என்னை? சுரங்களின் கூட்டம் பண்ணாகாது. ஒன்றினின்று மற்றொன்றிற்குச் செல்லும் நெறியே பண்ணின் உயிர். மேகராகக்குறிஞ்சிப் பதிகங்களை ஓதுவார்கள் நீலாம்பரியிற் பாடுவர். அதன் சுரங்களைத் தனித்தனியே வழுவின்றி ஒலிப்பினும் நீலாம்பரி தோன்றாது. அசைவோடு தொடராகப் பிடித்தவழியே தோன்றும். அவ்வசைவை ஆர்மோனியம் காட்டமாட்டாது. அகில இந்திய வானொலி 1940 முதல் 1971 வரை அக்கருவியை விலக்கியதற்குக் கூறப்பட்ட காரணங்களுள் இதுவும் ஒன்று.

1954 வரை புதுவையைப்போலவே பிரெஞ்சு ஆட்சியிலிருந்த காரைக்காலின் அருகே உள்ளது திருத்தருமபுரம். ஆண்டுத் திருஞானசம்பந்தப் பிள்ளையார் யாழ்மூரிப் பதிகம் அருள, அதன் இசை யாழில் அடங்காமை கண்டு, திருநீலகண்ட யாழ்ப்பாணர் அதனை உடைக்கவும் துணிந்தார் என்பது பெரியபுராணம். பெரும்பாணரின் யாழிலேயே அடங்காத இசையைக் கட்டைப்பெட்டியுள் அடக்க முயல்வது என்ன துணிவு! திருமுறைகண்ட புராணமோ, மறைந்த பண்ணடைவை அப்பாணர் மரபில் வந்த ஒரு பெண்மணி வாயிலாகவே நம்பியாண்டார் நம்பி பெற்றதைக் கூறும். பண் வாய்வழி வந்தது என்பதற்கு வேறு சான்றும் வேண்டுமோ?

தமிழின் இயல்பும் இதுவே. செய்யுளில் எழுத்துக்கள் தனித்து நில்லா. குற்றியலுகரம் வருமொழி உயிர்க்கு இடங்கொடுத்துக் கெடும். மெய் உயிரோடு கூடும். எழுத்தெழுத்தாக நிறுத்துவார் புணர்ச்சியை அழிக்கின்றனர். புணர்ச்சி அழியப் பொருளும் அழியும். பொருள் உணராது ஓதும் ஓதலில் அன்பு எங்ஙனம் பிறக்கும்?

"சுரக்குறிப்பு இன்றேற் பிழை புகும், ஆசிரியர் மறையப் பண்ணும் மறையும்" என்பாரும் உளர். குறிப்பை யாம் வெறுத்திலேம். அது கற்றதை மறவாமைக்குத் துணையாகுக. கற்றலின் வாயில் அஃதன்று. நெடுங்கணக்குக் கற்ற பின்னரோ குழவி அன்னையை அழைத்தது?

ஆதலின், ஆசிரியர் ஓரடியை முழுதுறப் பாடுக. மாணாக்கர் அதனை அவ்வாறே திருப்பிப் பாடுக. அடி நெடிதாயின் பொருள் நிற்கும் இடத்திற் பகுத்திடுக. முதலில் தாளமின்றிச் சுத்தாங்கமாகவும், பின்னர்த் தாளத்தோடு பண்ணாங்கமாகவும் பயிற்றுக. பத்துப் பதிகம் நாவில் நின்றபின் சுரத்தின் பெயர் சொல்லுக. மடங்களில் எம்மனோர் கேட்டுப் பயின்ற நெறி இதுவே. இதனைக் கைவிட்டால், திருமுறை ஏட்டில் இருக்கும், பண் இராது.

திருச்சிற்றம்பலம்.