அச்சுக்கு முன் ஒரு பிள்ளை

இலங்கையின் 6ஆம் தரத்துக் கல்விச் சீர்திருத்தம் 2027க்குத் தள்ளிப்போய்விட்டது. ஆங்கிலப் பாடத் தொகுதியில் இடம்பெற்ற பொருத்தமற்ற இணையத்தள முகவரி அதற்கு வழிவகுத்தது. யார் பொறுப்பு என்பது விசாரணைக்குரியது. கற்பிக்கிற, பாடநூல் எழுதுகிற நமக்கு எழும் கேள்வி வேறு. அச்சுக்குப் போகுமுன் அந்தப் பக்கத்தை ஒரு பிள்ளையின் முன்னால் யாராவது வைத்துப் பார்த்தார்களா? அப்படிப் பார்க்க அவகாசம் தருவதால் ஒத்திவைப்பை இவ்விதழ் வரவேற்கிறது.

நாமும் அந்தப் பாடத்தை அண்மையில்தான் கற்றோம். நாம் எழுதும் தொடக்கநிலை வலை நிரலாக்கக் கைந்நூல் ஒன்றுக்காக, என்ன வேண்டும் என்று மலையகத்தின் மஸ்கெலியா மாணவர்களிடம் கேள்விக்கொத்து கொடுத்துக் கேட்டோம். "பாஸ்ட் பேப்பர் போடுங்க சேர்" என்றார்கள். கேள்விக்கொத்து அதற்குமேல் எதையும் சொல்லவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தபோதுதான் விஷயம் பிடிபட்டது.

11ஆம் தரத்துப் பிள்ளை ஒருத்தி, தன் முதல் வலைப்பக்கத்தில் அம்மாவுக்கு வாழ்த்து எழுதினாள். பாமினி எழுத்துருவில் தட்டிப் பழகிய கை. நோட்பேடிலும் அதே எழுத்துரு. திறக்கும் ஒட்டு (tag) சரி, மூடும் ஒட்டு சரி, சேமித்த விதமும் சரி. உலாவியில் 'அம்மா' வரவேண்டிய இடத்தில் நான்கு ஆங்கில எழுத்தும் நடுவில் ஓர் அரைப்புள்ளியும் நின்றன. "எங்க சேர் பிழை விட்டேன்?" என்று வரிவரியாகத் தேடினாள். அவள் பிழையே விடவில்லை; ஆங்கில எழுத்துகளுக்குத் தமிழ் உருவம் மட்டும் தரும் பாமினி, யுனிகோடு அல்ல.

தமிழ் யுனிகோடுக்கும் ரெங்கநாதன் விசைப்பலகைக்கும் எஸ்.எல்.எஸ். 1326 தரநிலை 2008இல் வந்தது. அவள் பிறக்கும் முன்பே! ஆனாலும் அரச அலுவலகங்களிலிருந்து நமக்கு இன்றும் வரும் தமிழ்க் கோப்பில் பாமினி, படிவத்தில் பாமினி. தரநிலையை வெளியிட்டவர்களே அதைப் பின்பற்றாதபோது, லயத்துப் பிள்ளை யாரைப் பார்த்துப் பழகுவாள்? அம்மாவின் போனில் தங்குதடையில்லாமல் தமிழ் எழுதுகிறவள், பாடசாலைக் கணினியின் முன் உட்கார்ந்ததும் எழுத்தறியாதவளாகிவிடுகிறாள். பதினெட்டு வருடமாக இதைச் சொல்லி வாய் வலித்துவிட்டது.

கிடைத்திருக்கும் ஓராண்டில் தேசிய கல்வி நிறுவகம் தமிழ்த் தொகுதிகளின் படிகளை மலையகப் பாடசாலைகளுக்கு அனுப்பட்டும். பிள்ளை தடுமாறும் இடத்தை எழுதுநர் நேரில் இருந்து குறித்துக்கொள்ளட்டும். கருத்தரங்கு வேண்டாம்; ஒரு கணினி அறையும் இரண்டு பாடவேளையும் போதும்.

நமது கைந்நூலின் முதல் அத்தியாயத்தை மாற்றிவிட்டோம். ஒட்டுகளுக்கு முன்பாக எழுத்துக் குறியேற்றமும் விசைப்பலகையும் வருகின்றன. முதல் பயிற்சி: 'அம்மா' என்று எழுதிச் சேமித்து, உலாவியில் திறந்து பார்த்தல்.