காமாலை என்று எழுதிவிட்டால் போதுமா?

போளூர் பக்கம் கரும்போ மணிலாவோ, வரப்போரப் புல்லோ, களைக்கொல்லி டேங்க் யார் முதுகில் தொங்குகிறது என்று பாருங்கள். நிலம் ஊர்த்தெருக்காரருடையது; முதுகு காலனிக்காரருடையது. கையுறை கிடையாது. டேங்க் ஒழுகி, நனைந்த சட்டையோடுதான் மாலைவரை வேலை.

பாராகுவாட் என்ற களைக்கொல்லியால் அதிகம் சாகிறவர்கள் அதைக் குடித்தவர்கள்தான். அதைக் காட்டியே தெளிக்கிறவர்களை மறந்துவிடுகிறார்கள். புண், வெடிப்பு உள்ள தோலில் நெடுநேரம் பட்டாலும் அது உள்ளே இறங்கும். அப்படியும் உயிர்கள் போயிருக்கின்றன. நுரையீரலையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும் என்பது பலருக்குத் தெரியும். ஈரலைப் பற்றிப் பேச்சே இல்லை. செல்லுக்குள் போனதும் ஆக்சிஜனோடு சேர்ந்து திரும்பத் திரும்ப நச்சு மூலக்கூறுகளை உண்டாக்கும். ஈரல் செல்கள் சிதையும், பித்தநாளங்களின் உட்சுவர் அழியும். குடலுக்கு வடிய வேண்டிய பித்தம் ரத்தத்தில் தேங்கும். கண் மஞ்சளாவது சில நாள் கழித்துத்தான்.

அதற்குள் தெளித்த வேலையே மறந்துபோயிருக்கும். வீட்டில் கீழாநெல்லி அரைத்துக் கொடுப்போம். (கீழாநெல்லி மேல் நமக்குக் கோபமில்லை.) ஆஸ்பத்திரிச் சீட்டில் 'காமாலை' என்று ஏறும். போன வாரம் என்ன வேலை செய்தாய் என்று கேட்காதவரை, இது வேலையால் வந்த கேடு என்று எந்தக் கணக்கிலும் வராது. இந்த விஷத்துக்கு முறிமருந்தும் இல்லை.

சுவிட்சர்லாந்து 1989-லேயே இதைத் தடுத்துவிட்டது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2007-இல் நீதிமன்றம் அனுமதியை ரத்து செய்தது. கேரளம் 2011-இல் தடை செய்தது. இலங்கையும் அந்த ஆண்டுகளிலேயே படிப்படியாக நிறுத்தியது, அங்கே விளைச்சல் ஒன்றும் சரிந்துவிடவில்லை. தமிழக அரசு எலிப்பசைக்கும் ஆறு பூச்சிமருந்துகளுக்கும் தடை போட்டபோது பாராகுவாட் அந்தப் பட்டியலில் இல்லை. 1968 பூச்சிமருந்துச் சட்டத்தின் 27-ஆம் பிரிவு மாநிலத்துக்குத் தருவது 60 நாள் தடை அதிகாரம்தான். நிரந்தரத் தடை டெல்லியின் கையில். அந்த 60 நாளைக்கூட ஏன் கேட்கவில்லை?

மாணவத் தோழர்கள் இந்த விடுமுறையில் காலனிக்குப் போனால் மூன்று விஷயம் சொல்லுங்கள். மருந்து மேலே பட்டால் உடனே சட்டையைக் கழற்றி சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். உடம்புக்கு முடியாவிட்டால் மஞ்சள் தெரியும்வரை காத்திராமல் அன்றே அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். போகும்போது டப்பாவை, இல்லையென்றால் அதன் லேபிளைச் செல்போனில் படம் எடுத்தாவது, கொண்டுபோக வேண்டும். யார் நிலத்தில் தெளித்தது என்பதையும் சீட்டில் எழுதச் சொல்லுங்கள்.